அரை மூடி மருந்தும் அரைத் தூக்கமும்

போன மாதம் ஒரு ராத்திரி ஒன்பதே காலுக்கு, டியூஷன் வாசலில் வண்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டு மகளுக்காகக் காத்திருந்தேன். என்னைப் போலப் பத்துப் பன்னிரண்டு பேர். எல்லார் முகத்திலும் செல்போன் வெளிச்சம். பேச்சுவாக்கில் பக்கத்தில் இருந்தவரிடம், இரண்டாவது படிக்கும் என் பையன் பதினொன்றரை வரைக்கும் தூங்காமல் படுத்துகிறான் என்று சொன்னேன்.

"இதுக்குப் போய் ஏன் சார் கவலைப்படுறீங்க? அலர்ஜி சிரப் இருக்குல்ல, அரை மூடி குடுங்க. பதினஞ்சு நிமிஷத்துல ஆள் அவுட். ஊருக்குப் போறப்ப பஸ் ஏறுறதுக்கு முன்னாடி நாங்க அதைத்தான் குடுப்போம்."

சுற்றி நின்றவர்களில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. இரண்டு பேர் தலையாட்டினார்கள். ஸ்கூட்டியில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "ஆரஞ்சு கலர்ல இருக்குமே, அதுதானே? எங்க வீட்லயும் அதான்" என்றார்.

அவர்களைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. திரும்பும் வழியில் மெடிக்கலில் வண்டியை நிறுத்தியவன் நான்தான். கடைப் பையன் சீட்டு கேட்கவில்லை, யாருக்கு, என்ன வயது என்றும் கேட்கவில்லை. "அறுபது எம்எல்லா, நூறு எம்எல்லா?" என்று மட்டும் கேட்டான். வீட்டுக்கு வந்து பாட்டிலை மேஜையில் வைத்தேன். மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேபிளைப் படித்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்து, "யாருக்குச் சளி?" என்றாள்.

யாருக்கும் சளி இல்லை.

அந்தக் கேள்வியைத்தான் உங்களிடமும் கேட்க வந்திருக்கிறேன். ஃபிரிட்ஜ் கதவில் பாதி தீர்ந்து, மூடி ஓரத்தில் சர்க்கரைப் பாகு உறைந்துபோய் நிற்கிறதே ஒரு பாட்டில், அது யாருக்கு?

அந்தச் சிரப் தூக்க மருந்தே இல்லை. தும்மல், மூக்கொழுகல், அரிப்புக்கு உள்ள ஆன்டிஹிஸ்டமின். ஹிஸ்டமின் என்பது உடம்பில் அலர்ஜியைக் கிளப்புகிற அதே நேரத்தில் மூளையில் நம்மை விழிப்பாக வைத்திருக்கவும் செய்கிறது. பழைய தலைமுறை ஆன்டிஹிஸ்டமின்கள் மூளைக்குள்ளும் புகுந்து அந்த விழிப்பைத் தட்டிவிடுகின்றன. அதனால் வருகிற மயக்கம் ஒரு பக்கவிளைவு. பக்கவிளைவுக்காகவே ஒரு மருந்தைப் பிள்ளைக்கு ஊற்றுகிறோம் என்பதை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், எப்படி இருக்கிறது என்று. சில பிள்ளைகளுக்கு அது நேர்மாறாக வேலை செய்யும். மருந்தைக் குடித்துவிட்டு நடுராத்திரியில் சோபாவிலிருந்து குதித்துக்கொண்டிருக்கும். தூங்கிய பிள்ளையும் மறுநாள் முதல் பீரியடில் கண் சொருகி உட்கார்ந்திருக்கும். போதாததற்கு, தொடர்ந்து கொடுத்தால் சில நாளிலேயே உடம்பு பழகிவிடும். அரை மூடி முக்கால் மூடியாகும்.

மூச்சு விஷயம் இதைவிடப் பெரியது. இந்த வகையைச் சேர்ந்த புரோமெத்தசினை இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது, மூச்சு அடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2004-இல் கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தது. நம் நாட்டிலும் 2023 டிசம்பரில், குளோர்பெனிரமினும் பினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று லேபிளிலேயே அச்சிடும்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. டாக்டர் பிள்ளையின் எடையைப் பார்த்து மில்லியில் எழுதுகிற மருந்தை நாம் மூடியில் அளக்கிறோம். அதுவும் அரை மூடி, குத்துமதிப்பாக.

"நாங்க சிரப் எல்லாம் குடுக்கறதில்ல, நாட்டு வைத்தியம்தான்" என்று நிமிர்ந்து உட்காருபவர்களும் கொஞ்சம் கேளுங்கள். ஜாதிக்காயை ரெண்டு இழைப்பு இழைத்து நாக்கில் தடவுவது நம் பாட்டிமார் கைப்பழக்கம். அந்த ரெண்டு இழைப்பு, அவசரக்காரர் கையில் பத்து இழைப்பாகும்போது ஜாதிக்காய் விஷமாகிறது. நெஞ்சு படபடத்து, வாய் உலர்ந்து, பிதற்ற வைக்கிற பொருள் அது.

இன்னொரு கூட்டம், அமெரிக்காவிலிருந்து வரும் அத்தையின் பெட்டிக்காகக் காத்திருக்கிறது. சாக்லேட், பாதாம் பருப்போடு இப்போது மெலடோனின் என்கிற தூக்க ஹார்மோன் கலந்த கம்மி மிட்டாயும் வருகிறது, கரடி பொம்மை வடிவத்தில். கனடாவில் 2017-இல் மெலடோனின் பாட்டில்களைச் சோதித்துப் பார்த்தபோது, லேபிளில் போட்டதைவிட 83 சதவீதம் குறைவாக இருந்ததும் உண்டு, 478 சதவீதம் கூடுதலாக இருந்ததும் உண்டு. அமெரிக்காவில் பிள்ளைகள் மெலடோனினை விழுங்கிவிட்டதாக விஷ முறிவு மையங்களுக்கு வந்த அழைப்புகள் 2012-இல் எட்டாயிரத்துச் சொச்சம். 2021-இல் ஐம்பத்திரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டன. மிட்டாய் மாதிரி செய்து வைத்தால் பிள்ளை மிட்டாய் மாதிரிதானே தின்னும்?

சரி, பையன் ஏன் தூங்கவில்லை? மருந்து வாங்கிய மறுநாள், அதைக் கொடுக்காமல், ஒரு ஓரமாக உட்கார்ந்து என் வீட்டையே வேடிக்கை பார்த்தேன். நீங்களும் ஒரு நாள் பாருங்கள், வெட்கமாக இருக்கும்.

நாலரை மணிக்குப் பள்ளியிலிருந்து வந்தான். பாலைக் குடித்துவிட்டு ஐந்து மணிக்கு யூனிஃபார்மோடு சோபாவில் சாய்ந்து தூங்கிப் போனான். பாவம் என்று ஆறரை வரைக்கும் யாரும் எழுப்பவில்லை. ஏழரைக்கு வீட்டுப்பாடம். அக்கா டியூஷனிலிருந்து வரட்டும், எல்லாரும் சேர்ந்து சாப்பிடலாம் என்று ஒன்பதே முக்காலுக்குத் தட்டு வைத்தோம். பூரி. ஹாலில் இரண்டு டியூப் லைட்டும் எரிகின்றன. டிவியில் ஐபிஎல், கடைசி ஐந்து ஓவர். நான் கத்துகிறேன். பத்தேகாலுக்கு அவனைப் பார்த்து, "இன்னுமா முழிச்சிருக்க? போய்ப் படு" என்று ஒரு அதட்டல்.

எங்கே போய்ப் படுப்பான்? எங்களுடையது ஒற்றைப் படுக்கையறை வீடு. அந்த அறையில் அக்கா படிக்கிறாள். அவன் பாயே ஹாலில், டிவிக்கு எதிரில்தான் விரித்திருக்கிறது. சின்னசாமி ஸ்டேடியத்தின் நடுவில் பாயைப் போட்டுவிட்டு, தூங்கவில்லை என்று பிள்ளைக்கு மருந்து வாங்கி வந்திருக்கிறேன்.

ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரமும், பதின்மூன்றிலிருந்து பதினெட்டுக்கு எட்டு முதல் பத்து மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமி 2016-இல் வகுத்துச் சொன்னது. என் வீட்டில் ஏழு வயதுக்காரன் பதினொன்றரைக்குத் தூங்கி ஆறரைக்கு எழுப்பப்படுகிறான். ஏழு மணி நேரம். பதினொன்றாவது படிக்கிற மகள் பன்னிரண்டுக்குப் படுத்து நாலே முக்காலுக்கு எழுகிறாள். கணக்கு போடவே பயமாக இருந்தது.

தூக்கம் இரண்டு கயிறுகளில் கட்டிய தூளி மாதிரி. ஒரு கயிறு, விழித்திருக்கும் நேரம். எவ்வளவுக்கெவ்வளவு விழித்திருக்கிறோமோ அவ்வளவு தூக்கப் பசி ஏறும். மூளையில் அடினோசின் என்ற பொருள் சேரச் சேர அந்தப் பசி கூடுகிறது. சாயங்காலம் ஐந்தரைக்கு நாலு பஜ்ஜி தின்றவன் ராத்திரி சாப்பாட்டில் கை வைக்காததுபோல, சோபாத் தூக்கம் தூங்கியவனுக்கு ஒன்பது மணிக்குப் பசி இருக்காது. இன்னொரு கயிறு, உடம்புக்குள் ஓடுகிற கடிகாரம். அது செல்களுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது வெளிச்சம். கண்ணில் பார்வைக்கென்று உள்ள செல்கள் போக, இது பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்கென்றே தனியாகச் சில செல்கள் உண்டு. நீல வெளிச்சம் பட்டால் அவை உசாராகும். ராத்திரி பத்து மணிக்கு முகத்துக்கு நேரே டேப்லெட்டைப் பிடித்தால், பிள்ளையின் மூளைக்கு அது இன்னும் பொழுது சாயாத ஊர்.

பெரிய பிள்ளைகள் விஷயம் இன்னும் சங்கடமானது. அதில்தான் நாம் அநியாயத்துக்குத் தப்புச் செய்கிறோம்.

வயதுக்கு வருகிற பருவத்தில் அந்தக் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப் போகிறது. பிரௌன் பல்கலைக்கழகத்தின் மேரி கார்ஸ்கடன் பல வருடம் இதையே ஆராய்ந்தவர். பதின்ம வயதில் மெலடோனின் ராத்திரி தாமதமாகத்தான் சுரக்க ஆரம்பிக்கிறது. வித்தியாசம் இரண்டு மணி நேரம் வரைக்கும் போகலாம். "ஒன்பது மணிக்குப் படுத்தா என்ன கேடு?" என்று நாம் திட்டுகிற பிள்ளைக்கு, ஒன்பது மணிக்குத் தூக்கம் வராது என்பது கொழுப்பினால் அல்ல, உடம்பின் ஓட்டத்தினால். அதே பிள்ளையை விடிகாலை நாலே முக்காலுக்கு உலுக்கும்போது, அதன் மூளைக்கு அது நட்டநடு ராத்திரி. நாம் வைக்கிற பெயர் சோம்பேறி.

நாலு மணிக்கு எழுந்து படித்தால் மனசில் நிற்கும் என்று சொல்லாத தாத்தா உண்டா? என் தாத்தாவும் நாலு மணிக்கு எழுந்தவர்தான். அவர் எட்டு மணிக்கு லாந்தரைத் தணித்துவிட்டுத் திண்ணையில் படுத்தவர். அவருடைய நாலு மணியை மட்டும் எடுத்துக்கொண்டு, எட்டு மணியை விட்டுவிட்டோம். படித்தது மனசில் படிவதே தூக்கத்தில்தான் என்பது நேற்றைய கண்டுபிடிப்புகூட அல்ல. 1924-இலேயே ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் ஆட்களை மனப்பாடம் செய்ய வைத்துச் சோதித்தார்கள். படித்துவிட்டுத் தூங்கியவர்களுக்கு நினைவில் நின்றது, விழித்திருந்தவர்களுக்கு நின்றதைவிட அதிகம். நாமோ பரீட்சைக்கு முந்தின நாள் பதினொரு மணிக்கு ஸ்ட்ராங்காக ஒரு டீ போட்டு மேஜையில் வைத்து, கூடவே உட்கார்ந்திருப்பதைத் தியாகம் என்று நினைக்கிறோம். உள்ளே போன காஃபீனில் பாதி கரையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். அந்த டீ காலை நாலு மணிக்கும் பாதி டம்ளர் மிச்சமாகப் பிள்ளையின் ரத்தத்தில் இருக்கிறது. நான் ஊற்றிக் கொடுத்த டீக்களை எண்ணினால் இந்தப் பக்கம் போதாது.

திருத்த ஆரம்பித்ததும் முதலில் நான் சறுக்கினேன். எல்லா அப்பாக்களும் செய்வதையே செய்தேன்: "இன்னியிலருந்து பத்து மணிக்கு எல்லாரும் படுக்கணும்" என்று ஒரு சட்டம். மூன்று நாள் நடந்தது. இருட்டில் நாலு பேரும் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தோம். படுக்கிற நேரத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுவர முடியாது. எழுகிற நேரத்தைப் பிடிக்கலாம். காலையைக் கட்டிப் போட்டால் ராத்திரி தானாகப் பின்னால் வரும். அதனால் பையனுக்குத் தினமும் ஆறு மணி என்று வைத்தோம், ஞாயிற்றுக்கிழமை உட்பட. இதுதான் கஷ்டமான இடம். ஞாயிறு பத்தரை வரைக்கும் தூங்க விட்டு, கறிக்குழம்பும் சாப்பிட்டுவிட்டு மத்தியானம் இன்னொரு தூக்கம் போட்டால், அன்றைய ராத்திரிக்குப் பசி எங்கிருந்து வரும்? திங்கள்கிழமை காலை நம் வீடுகளில் நடக்கிற யுத்தத்துக்கு விதை ஞாயிறு மத்தியானத்தில் போடப்படுகிறது. ஆனால் வாரம் முழுக்கத் தூக்கம் கெட்ட மகளை ஞாயிறும் நாலே முக்காலுக்கு எழுப்ப எனக்கு மனசு வரவில்லை. ஏழு மணி வரைக்கும் விட்டேன்.

எழுந்தவுடன் மொட்டை மாடி. துளசிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலையைப் பையனிடம் கொடுத்தோம். அரை மணி நேரம் வெளிச்சத்தில் நிற்பான். வீட்டுக்குள் டியூப் லைட் தருவது சில நூறு லக்ஸ். வெளியே மேகம் போட்ட நாளில்கூட ஆயிரக்கணக்கில் இருக்கும். சாவி கொடுப்பதற்கு அதைவிட மலிவான கருவி எந்த மெடிக்கலிலும் இல்லை.

சாயங்காலத் தூக்கத்தை நிறுத்தியதுதான் பெரும்பாடு. ஐந்து மணிக்குத் தெருவில் இறக்கிவிட்டோம். முதல் இரண்டு நாள் வாசல்படியிலேயே சுருண்டான். மூன்றாம் நாள் எதிர் வீட்டுப் பையனோடு சைக்கிள் பழக ஆரம்பித்தான். சாப்பாடு அவனுக்கு மட்டும் ஏழரைக்கு. சேர்ந்து சாப்பிடுவதை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொண்டோம். எட்டு மணிக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு குளியல். தூக்கம் வர உடம்பின் உட்சூடு கொஞ்சம் இறங்க வேண்டும். வெந்நீர் தோலுக்கு ரத்தத்தை இழுத்து வந்து, அந்தச் சூட்டை வெளியே விட்டுவிடும். எட்டரைக்கு ஹாலில் டியூப் லைட்டை அணைத்து மஞ்சள் பல்பு. டிவி அணைந்தது. ஆமாம், ஐபிஎல்தான். ஸ்கோரை மறுநாள் பேப்பரில் பார்க்கிறேன், என் அப்பா பார்த்ததுபோல.

எல்லா செல்போன்களும் ஒன்பதரைக்குச் செருப்பு ஸ்டாண்ட் மேல் சார்ஜுக்குப் போகின்றன. "எல்லா" என்பதில் என்னுடையதும் உண்டு. பிள்ளையின் போனைப் பிடுங்கி வைத்துவிட்டு நாம் போர்வைக்குள் ரீல்ஸ் பார்த்தால், போர்வை ஒளிர்வது பிள்ளைக்குத் தெரியாதா? அலாரத்துக்குப் போன் வேண்டும் என்று மகள் வாதாடினாள். நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு அலாரம் கடிகாரம் வாங்கி வாதத்தை முடித்தேன்.

மகளுக்கு இன்னொரு சிக்கல். அவள் படிப்பதும் கட்டிலில், சாப்பிடுவதும் கட்டிலில், அழுவதும் கட்டிலில். படுத்தால் தூக்கம் வருவதற்குப் பதில் கெமிஸ்ட்ரி வருகிறது. ரிச்சர்ட் பூட்ஸின் என்ற உளவியலாளர் 1972-இலேயே இதற்கு வழி சொல்லியிருக்கிறார்: கட்டில் தூக்கத்துக்கு மட்டும். படுத்து இருபது நிமிடம் போலாகியும் தூக்கம் வரவில்லை என்றால் புரண்டுகொண்டிருக்காமல் எழுந்து போய், மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்திரு. தூக்கம் வந்தபின் திரும்பிப் படு. நான் ஒரு மடக்கு மேஜை வாங்கிப் போட்டேன். படுப்பதற்கு முன் நாளைக்குச் செய்ய வேண்டியதை ஐந்து நிமிடம் ஒரு தாளில் எழுதச் சொன்னேன். அமெரிக்காவில் பேய்லர் பல்கலைக்கழகத்தில் செய்த ஒரு சோதனையில், அப்படி எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சில நிமிடம் முன்னதாகவே தூங்கிவிட்டார்களாம். அவள் முதல் நாள் எழுதிய தாளை மறுநாள் பார்த்தேன். பதினேழு வேலை. அதில் பதினொன்று நான் சொன்னவை.

முதல் வாரம் எல்லாமே மோசமாகத்தான் போனது. பத்தாம் நாள், எட்டே முக்காலுக்குப் பையன் கதை கேட்டுக்கொண்டிருக்கும்போதே என் கையின் மேல் தலையைப் போட்டுத் தூங்கிவிட்டான். நரி இன்னும் கிணற்றிலேயே கிடந்தது.

இதெல்லாம் செய்தும் சரியாகவில்லையென்றால் டாக்டரிடம் போக வேண்டும், மெடிக்கலுக்கு அல்ல. தினமும் குறட்டை விடுகிற, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிற பிள்ளைக்கு அடினாய்டு வீங்கி மூச்சு அடைபடலாம். "அப்பன் மாதிரியே குறட்டை" என்று சிரித்துவிட்டுப் போகிற விஷயம் அல்ல அது. காலில் ஏதோ ஊர்கிறது என்று படுத்தபின் காலை உதைத்துக்கொண்டே இருக்கிற பிள்ளைக்கு இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். சாப்பாடு, விளையாட்டு எதிலும் ஒட்டாமல், ராத்திரி முழுக்க விழித்திருக்கிற பெரிய பிள்ளைக்கு மனசில் பாரம் இருக்கலாம். இங்கே சிரப் கொடுத்தால் நோயை மூடி வைத்ததாகும்.

நமக்கும் சேர்த்தே சொல்கிறேன். தலையணைக்கு அடியில் அரை மாத்திரை வைத்திருக்கிற அப்பாக்களையும் அம்மாக்களையும் எனக்குத் தெரியும். அல்பிரசோலம், சோல்பிடெம் எல்லாம் 2014-இலிருந்து எச்1 அட்டவணையில் இருப்பவை. சீட்டில்லாமல் தரக் கூடாது, யாருக்கு விற்றார்கள் என்று கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரை அல்ல, பழக்கத்தையும் எண்ணத்தையும் மாற்றும் பயிற்சியே என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் சொல்லிவிட்டது. ஆனால் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே மாத்திரையைத் தூக்கி எறியாதீர்கள். பல நாள் சாப்பிட்டதைச் சட்டென்று நிறுத்துவது ஆபத்து. எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள்.

என் மகள் இன்னும் ஆறு மணி நேரத்தைத் தாண்டவில்லை. வீட்டில் செய்யக்கூடியது அத்தனையும் செய்தாகிவிட்டது. மிச்சத்தைத் தடுப்பது காலை ஆறே காலுக்குப் பள்ளியில் ஆரம்பிக்கிற ஸ்பெஷல் கிளாஸும், ராத்திரி ஒன்பதேகாலுக்கு முடிகிற டியூஷனும். உயர்நிலைப் பள்ளி எட்டரைக்கு முன்னால் தொடங்கவே கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி 2014-இல் சொன்னது. கலிஃபோர்னியாவில் 2022 ஜூலையிலிருந்து அது சட்டம். போன பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று, காலை கிளாஸை ஏழரைக்காவது மாற்ற முடியுமா என்று கேட்டேன். மேடையில் இருந்தவர், "மத்த பேரண்ட்ஸ் யாரும் கேக்கலையே சார்?" என்றார். திரும்பிப் பார்த்தேன். டியூஷன் வாசலில் தினமும் பிள்ளை தூங்கவில்லை என்று என்னிடம் புலம்புகிற நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாலு பேரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த கூட்டம் இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை, பத்து மணிக்கு. மறுபடி எழுந்து கேட்கப் போகிறேன். நீங்களும் எழுந்து நில்லுங்கள், பேசக்கூட வேண்டாம்.